நடுப்பாலத்தில் நிற்க ஓர் இடம்

திருநெல்வேலிக்காரர்களுக்கு ஆற்றுப்பாலம் என்றால் சுலோச்சன முதலியார் பாலம்தான். சின்ன வயதில் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டு கொக்கிரகுளத்திலிருந்து ஜங்ஷனுக்கு அதில்தான் நடந்து போவேன். நடுப்பாலம் வந்ததும் ஆச்சி நின்றுவிடுவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு தாமிரபரணி ஆற்றைப் பார்ப்பாள். ஆற்றங்கரைத் தைப்பூச மண்டபத்தைத் தண்ணீர் தொட்டுவிட்டதா என்பது அங்கே நின்றால்தான் தெரியும். போகிறவர்களில் இரண்டு பேராவது "என்ன ஆச்சி, தண்ணி கூடிருக்கோ?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

போன மாதம் வேலை விஷயமாக வேறொரு ஊருக்குப் போயிருந்தேன். பஸ் இறங்கின இடத்துக்கு எதிரே ஒரு மேம்பாலம். அதைத் தாண்டினால் நான் போக வேண்டிய தெரு. ஏறப் போனால், பாதசாரிகளுக்கு அனுமதி இல்லை என்று பலகை. கீழே தண்டவாளம், அதற்கு வேலி. காய்கறிப் பையோடு நின்ற ஒரு அம்மா, "சுத்திக்கிட்டுத்தான் போகணும், அரை மணி நேரம் ஆகும்" என்றார். அவருடைய வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. வெயிலில் இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு நடந்தோம். அன்றிலிருந்து மனசு ஆறவே இல்லை.

எங்கள் பாலம் 1843-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன்னால் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகுதான். வெள்ளம் வந்தால் நெல்லை வேறு, அக்கரையில் பாளையங்கோட்டை வேறு. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக இருந்த சுலோச்சன முதலியார், தன் கைக்காசு ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை! கடப்பவர்களிடம் சுங்கம் வாங்கக் கூடாது என்பதற்காகவே அவர் கொடுத்தார் என்றும், வீட்டு நகைகளும் அதில் போயின என்றும் ஊரில் சொல்வார்கள். பதினோரு வளைவுகள். தலையில் சும்மாட்டோடு நடப்பவருக்கும் மாட்டு வண்டிக்கும் ஒரே பாதை.

அப்புறம் 1973-ல் ஜங்ஷன் பக்கம் ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் வந்தது. பஸ்ஸும் லாரியும் மேல் தளத்தில், சைக்கிளில் போகிறவர்களும் நடப்பவர்களும் கீழ்த் தளத்தில். என் கணக்கில் அந்த இரண்டாவது தளம்தான் பெரிய விஷயம். வண்டி இல்லாதவனும் இந்த ஊர்க்காரன்தான் என்று நினைத்த ஒருவர் அந்த வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து, காசும் தொழில்நுட்பமும் இத்தனை கூடின பிறகு, அந்த நினைப்பு எங்கே போனது?

பாலம் என்பது கடப்பதற்கு மட்டுமா? 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் எங்கள் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கலெக்டர் அலுவலகம் நோக்கிப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்தது. ஆற்றுக்குள் விரட்டப்பட்டும் அடிபட்டும் பதினேழு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. ஒவ்வொரு ஜூலை 23-க்கும் ஆற்றில் மலர் தூவ ஆட்கள் வருகிறார்கள். அன்றைக்குப் பாலத்தில் நடப்பவர் ஒரு நிமிஷம் நின்று அந்தப் பூக்களைப் பார்க்க முடிகிறது. நிற்க இடமில்லாத பாலத்தில் இது எப்படி நடக்கும்?

சரி, மேம்பாலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் நெரிசலில் மாட்டாமல் போக வேண்டும், எனக்கும் அது தெரியும். ஆனால் ஊருக்குள் கட்டுகிற எந்தப் பாலமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் நடைபாதை வேண்டும். ஏறுவதற்கு வயசானவர்கள் கால் வைக்கிற உயரத்தில் படி வேண்டும், பக்கத்திலேயே சக்கர நாற்காலி போகிற மாதிரி சரிவுப் பாதை வேண்டும். ராத்திரி விளக்கு எரிய வேண்டும். உங்கள் ஊரில் புதுப் பாலத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், தயவுசெய்து போய் இதைக் கேளுங்கள். அந்த அம்மா நாளைக்கும் காய்கறி வாங்கிக்கொண்டு அதே வெயிலில்தான் சுற்றி நடப்பார்.