ஜெர்மனியை வீழ்த்தியது சுயநலமா?

'பாஸ் கொடுப்பவன் தோற்பான், சுயநலக்காரன்தான் ஜெயிப்பான். ப்ளூ லாக் என்ற ஜப்பானியக் கால்பந்து அனிமே (கார்ட்டூன் தொடர்) சொன்ன இதைச் செய்துதான் 2022 கால்பந்து உலகக் கோப்பையில் ஜப்பான் ஜெர்மனியையும் ஸ்பெயினையும் வீழ்த்தியது' என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டு பாதியும் தவறு.

ஸ்பெயினுக்கு எதிரான வெற்றி கோலைப் பாருங்கள். பந்து எல்லைக்கோட்டைத் தாண்டப் போகிறது. மாற்று வீரராக வந்த மிதோமா ஓடிப்போய், மயிரிழையில் அதை உள்ளே திருப்பிவிடுகிறார். கோல் வாசலில் நின்ற தனாகா உள்ளே தள்ளுகிறார். பந்து வெளியே போனதா என்று வீடியோவில் பார்த்துத்தான் கோலையே கொடுத்தார்கள். அந்தக் கோலின் உயிரே பாஸ்தான். ஜெர்மனிக்கு எதிராக அசானோ அடித்த கோலும் இதாகுரா தூரத்திலிருந்து அனுப்பிய பந்தில்தான்.

சரி, கதையாவது அப்படிச் சொல்கிறதா? இல்லை. 2018இல் மங்காவாக (ஜப்பானியப் படக்கதையாக) தொடங்கிய அந்தக் கதையின் நாயகன் இசாகி, முதல் ஆட்டத்தில் அடிக்கப் பயந்து பந்தைத் தள்ளிவிடுகிறான். கதை குறை சொல்வது அந்தப் பயத்தை. எல்லோரும் பந்தின் பின்னால் முட்டிமோதும் அணி அந்தக் கதையிலேயே தோற்கவும் செய்கிறது. அப்புறம் இசாகி வளர்வதே பச்சிரா போன்ற சக வீரர்களின் திறமையோடு தன் ஆட்டத்தைப் பொருத்தித்தான்.

அப்படியென்றால் இசாகியின் 'சுயநலம்' எது? விளையாட்டு உளவியலிலும் பயன்படும் ஒரு கோட்பாட்டில், கல்வி உளவியலாளர் ஜான் நிக்கோல்ஸ் இரண்டு மனப்போக்குகளைப் பிரித்தார்: அடுத்தவனை மிஞ்சுவதே வெற்றி என்பது ஒன்று, நேற்றைய என்னைவிட இன்று தேறுவதே வெற்றி என்பது இன்னொன்று. ஒரே ஆளிடம் இரண்டுமே வலுவாக இருக்கலாம். கதையில் வரும் போட்டியாளன் ரின்னிடம் தோற்றபின் தன்னிடம் என்ன குறை என்று தேடும் இசாகியிடம் இரண்டும் இருக்கின்றன.