நாலு பேஸ் கிட்டார் எதற்கு?

ஆயுத பூஜையன்று எங்கள் மோட்டார் காயில் கட்டும் பட்டறையைக் கழுவிவிட்டு, ஸ்பேனர் செட், மெக்கர், வைண்டிங் மெஷின் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். அவற்றுக்குப் பக்கத்திலேயே, பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த கீழ்ச் சத்தத்தைக் கொடுக்கிற என் நாலு பேஸ் கிட்டார்களையும் வைத்தேன். கிட்டாருக்கு மட்டும் சந்தனத்தையும் குங்குமத்தையும் அதன் பெட்டி மேல்தான் வைப்பேன். ஈட்டி மரத்தில் செய்த விரல்பலகையில் ஈரச் சந்தனம் பட்டால் கறை போகாது.

சுண்டல் சாப்பிட வந்த என் மனைவியின் தாய்மாமா ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாப்ள, நாலும் ஒரே மாதிரிதானே இருக்கு. ஒண்ணு போதாதா?"

அவர் நாலு வேலி சாகுபடி செய்கிறவர். நான் கேட்டேன்: "மாமா, நீங்க குறுவைக்கு என்ன விடுறீங்க?" "ஏ.டி.டி. 43." "சம்பாவுக்கு?" "சி.ஆர். 1009." "ஏன் மாமா, ரெண்டும் நெல்லுதானே?"

அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். ஆனால் அந்தக் கேள்வியைப் பல பேர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் கேட்டிருக்கிறார்கள், கச்சேரி மேடையில் கேட்டிருக்கிறார்கள், கடன் கேட்கப் போன இடத்திலும் கேட்டிருக்கிறார்கள். அதனால் ஒருமுறை முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மன்னார்குடிப் பக்கம் என் பிழைப்பு மோட்டாரோடு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் நாற்றங்காலுக்கு போர் தண்ணீர்தான் கதி. அப்போது ராத்திரி பகல் பாராமல் மோட்டார் எரிந்து வரும், எனக்கு நிமிர நேரம் இருக்காது. அறுவடை முடிந்து மாசி பிறந்தால் வேலை குறையும், கோயில் திருவிழாக்கள் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வேன் ஏறி ஊர் ஊராகப் போய் வாசிப்பேன். 1999-லிருந்து இதுதான் என் வருஷம். இரண்டு வேலையையும் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான் பிரித்துக் கொடுக்கிறது.

முதல் பேஸ் கிட்டார் அந்த வருஷம் திருச்சியில் பழசாக வாங்கியது, கல்கத்தாவில் செய்தது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே சுண்டு விரல் போகும், அவ்வளவு உயரம். இடது கை விரல் நுனியெல்லாம் கொப்பளித்து, அப்புறம் தடித்துப் போனது. ஒரு வருஷத்தில் பிக்கப் செத்துவிட்டது. பிக்கப் என்பது வேறொன்றும் இல்லை, காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. நான் தினமும் கட்டுகிற காயில்தான் அது, அளவுதான் வேறு. சீலிங் ஃபேனுக்கு 36 கேஜ் அளவில் சுற்றுவோம். பிக்கப்புக்கு 46 கேஜ் வேண்டும். தலைமுடியை விட மெல்லிசு. சென்னையிலிருந்து வரவழைத்தேன். முதல் மூன்று தடவையும் பாதிச் சுற்றில் அறுந்துவிட்டது. மூச்சு விட்டாலே கம்பி ஆடும் என்பதால் ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டாமல் நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நாலாவது ராத்திரி எட்டாயிரம் சுற்று முடிந்தது. முனைகளைப் பற்றவைத்து, பட்டறையில் கிடந்த பழைய ஆம்ப்பில் செருகி அடிக் கம்பியைத் தட்டினேன். தகரக் கூரை 'ம்ம்ம்' என்று முனகியது. அந்தக் கிட்டாரை விற்கவோ தூக்கிப் போடவோ யாராவது சொன்னால் எனக்கு எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கருவி மேல் இப்படி ஆசைப்படுவது மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்கிறவர்களுக்கு நான் திருவாவடுதுறையைக் காட்டுவேன். அந்த ஊர் நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு அந்தக் காலத்துத் திமிரி நாயனம் போதவில்லை. அது குட்டை, சுருதி உச்சம். தன் வாசிப்புக்கு நீளமான, கீழ்ச் சுருதியில் பேசுகிற நாயனம் வேண்டும் என்று நினைத்தார். பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி அவரோடு உட்கார்ந்து செய்து கொடுத்ததுதான் பாரி நாயனம். இன்றைக்கு மேடையில் நாம் கேட்பது அதைத்தான். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாசிக்கிறவன் கருவியைத் தேடுவதும், செய்கிறவன் அவன் காதுக்காக மரத்தைக் கடைவதும் இந்த மண்ணிலேயே நடந்த காரியம். கீழ்ச் சுருதிக்காக ஏங்கியது நான் முதல் ஆள் இல்லை.

சரி, மற்ற மூன்றும்.

யமஹா டி.ஆர்.பி.எக்ஸ் 174 என் உழைப்பாளி. பேட்டரி கிடையாது, செருகினால் பேசும். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழா சமயத்தில் கடலோர ஊர்களில் கச்சேரி கிடைக்கும். அங்கே நான் எடுத்துப் போவது இதைத்தான். உப்புக் காற்று இரண்டே ராத்திரியில் கம்பியின் பளபளப்பைத் தின்றுவிடும், சத்தம் மங்கிவிடும். ஒரு செட் கம்பி 2,000 ரூபாய்க்கு மேல். கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்து, துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டுவேன். அழுக்கு போய்விடும், இன்னும் சில கச்சேரிக்குத் தாங்கும்.

ஐபானெஸ் ஐந்து கம்பி. இதை ஆடம்பரம் என்று என் குழுவிலேயே சொன்னார்கள். பேஸ் கிட்டாரில் வழக்கமாக நாலு கம்பி, அடிக் கம்பி ஈ (E) ஸ்வரம், ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தால் பாட்டை இரண்டு சுருதி இறக்குவார்கள். ஈ-யில் இருந்த பாட்டு டி-க்கு இறங்கினால் எனக்குக் கீழே கம்பியே இல்லை, மேல் ஸ்தாயிக்குத்தான் ஓட வேண்டும். பாட்டின் இடுப்பு அந்த இடத்தில் முறிந்துவிடும். ஐந்தாவது கம்பி பி (B), 31 ஹெர்ட்ஸ். பாடகி எங்கே இறங்கினாலும் நான் கூடவே இறங்கலாம். அதற்காகத்தான் மூன்று சீசன் காசைச் சேர்த்தேன்.

நாலாவது, ஃபெண்டர் ப்ரிசிஷன், மெக்சிகோவில் செய்தது. சென்னையில் ஸ்டூடியோக்களில் வாசித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் வாங்கினேன். லியோ ஃபெண்டர் இந்த மாதிரியை 1951-ல் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரியான கருவி. அதில் ஸ்வர இடத்தைக் காட்டும் மெட்டு (ஃப்ரெட்) கிடையாது, சுருதி விரலின் அனுபவத்தில்தான் நிற்கும். இவர் வீணைக்கு இருப்பது போல மெட்டு வைத்தார், சுருதி துல்லியமாக விழுந்தது. அந்தத் துல்லியம்தான் ப்ரிசிஷன் என்று பெயராயிற்று. இன்னொரு விஷயம், லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். மைக் செட்டும் ரேடியோவும் பழுது பார்த்தே வாழ்ந்த எத்தனையோ கடைக்காரர்களை நம் ஊர்களில் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷனை எனக்கு அந்நியராக நினைக்கத் தோன்றவே இல்லை.

அந்தப் பெரியவர் கொடுக்கும்போது ஒன்று சொன்னார்: "கம்பியை மாத்தாதே தம்பி, பழகின கம்பி." வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் கம்பி. அமெரிக்காவில் மோடவுன் ஸ்டூடியோவில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் கம்பி அறுந்தால் ஒழிய மாற்றாதவர், பெரும்பாலும் ஒரே ஆள்காட்டி விரலால் வாசித்தவர். நானும் மாற்றவில்லை. எம்.எஸ்.வி. காலத்துப் பாடல்கள் வந்தால் இதைத்தான் எடுப்பேன். மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பினால் வருகிற அந்த ஈரமான 'தொம்' இருக்கிறதே, அது இந்தக் கம்பியில் வரும்.

இப்போது எனக்கு மனசு கனக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச வருஷமாகவே மெல்லிசைக் குழுக்களில் முதலில் கழற்றி விடுவது பேஸ் கிட்டாரிஸ்டைத்தான். போன பங்குனியில் ஒரு குழு நடத்துகிறவர் கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் போன் செய்தார். "அண்ணே, கமிட்டியில பட்ஜெட்டைக் குறைச்சுட்டாங்க. கீபோர்டு தம்பி இடது கையிலயே பேஸைப் பார்த்துக்குவான்." அந்தத் தம்பி நல்ல வாசிப்பு, அவன் மேல் குறை இல்லை. ஆனால் வலது கையில் புல்லாங்குழல், வயலின், கிட்டார் என்று ஊர்ப்பட்டதை வாசிக்கிறவன் இடது கையில் என்ன செய்ய முடியும்? ஸ்வரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளத்தான் முடியும். பேஸ் ட்ரம் விழும் அதே நொடியில் விழுந்து, அடுத்த அடி வருவதற்குள் நடந்து போய், பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் திரும்புவது ஒரு முழு ஆளின் வேலை. இளையராஜாவின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த ஊரில் இதை விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம். அவர் பாட்டில் பேஸ் என்பது பல்லவிக்கு அடியில் ஓடும் இன்னொரு பல்லவி. அதை எடுத்துவிட்டு மீதியை மட்டும் வாசித்தால் அந்தப் பாட்டைப் பாதிதான் கொடுத்தோம்.

'ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது' என்கிறார்கள். தெரியும். எல்லாரும் பாட்டை போனில் கேட்கிறார்கள், போனின் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைக் கொடுக்கவே முடியாது. அதனால்தான் மேடைக்கு முன்னால் உட்காரும்போது அது அவர்களுக்குப் புதுசாக இருக்கிறது. கோரையாற்றங்கரையில் ஒரு மாரியம்மன் கோயிலில் ஸ்பீக்கர் பாக்ஸை ஒட்டிப் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஓர் ஆத்தா, இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ வாசிக்கையில மாரு அதிருதுப்பா, சாமி பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். சத்தத்தைக் குறைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

இன்னொரு ராத்திரியும் சொல்ல வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமம். ஜெனரேட்டர் திணறி வோல்டேஜ் எகிறியது. கீபோர்டின் அடாப்டர் 'பட்' என்று போனது. பாடகர் சரணத்தின் நடுவே இருக்கிறார். மிக்சர் ஸ்டெபிலைசரில் இருந்ததால் தப்பித்தது. என் யமஹாவுக்கு மின்சாரமே தேவையில்லை, நேராக மிக்சருக்குப் போகிறது. தபலாக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. நான் மூல ஸ்வரங்களை விட்டு வெளியே வந்து, கீபோர்டு வாசித்திருக்க வேண்டிய இடை இசையின் மெட்டையே மேல் கம்பியில் எடுத்தேன். அவர் இடது தபலாவை அழுத்தி என் இடத்தைப் பிடித்துக்கொண்டார். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். வேறு அடாப்டர் கண்டுபிடித்து மாட்டும் வரை மூன்று பேர் மட்டும் அந்தப் பாட்டைத் தாங்கினோம். முடிந்ததும் கைதட்டல். ஏதோ கெட்டுப்போனது என்று ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது. அன்றைக்கு எல்லாம் ஒரே கீபோர்டில் ஓடியிருந்தால், மேடை செத்திருக்கும்.

அந்த மூன்று நிமிஷத்துக்காகத்தான் வாங்குகிறேன். தனியாக வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் பேஸ் கிட்டாருக்குப் பாதி உயிர்தான். நாலு பேரோடு நிற்கும்போதுதான் எந்தக் கிட்டார் எதற்கு என்பதே புரியும். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துப் படம் எடுத்துப் போடுகிற சேகரிப்பில் எனக்கு உடன்பாடு கிடையாது. மரம் அது, ஐப்பசி அடைமழையில் ஈரத்தைக் குடித்து அசையும், கம்பி உயரம் மாறும். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருகிச் சரி செய்ய வேண்டும். எடுத்து வாசிக்கிறவனுக்குத்தான் அது தெரியவரும். பூட்டி வைத்தவன் தை மாதம் திறந்து பார்த்து அழுவான்.

இப்போது தஞ்சாவூரில் நாலு பிள்ளைகள் சொந்தமாகப் பாட்டுக் கட்டி வாசிக்கிறார்கள். பறை, தவில், ஒரு அக்கவுஸ்டிக் கிட்டார், பேஸ். பேஸ் வாசிப்பது கொரடாச்சேரியில் இருந்து ரயிலில் வந்து போகிற கல்லூரிப் பெண். கருவி வாங்க வசதியில்லை. என் முதல் கிட்டாரை, அந்த 46 கேஜ் காயில் போட்டதை, கம்பி உயரத்தை இறக்கி அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஒத்திகையில் பறை வேகமெடுத்தபோது அவள் கண்ணைத் தூக்காமல் ஒரே ஸ்வரத்தில் அப்படியே நின்றாள், பறை தானாக அவளிடம் திரும்பி வந்தது. எனக்கு அது வர ஆறேழு வருஷம் ஆயிற்று.

குழு நடத்துகிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற சீசனில் ஒரு கச்சேரிக்காவது பேஸ் கிட்டாரிஸ்டை வைத்து நடத்திப் பாருங்கள். பணம் கட்டுப்படி ஆகவில்லை என்றால் என்னிடம் பேசுங்கள், முதல் கச்சேரிக்குச் சம்பளம் வேண்டாம், வேன் செலவு போதும். அப்புறம், யார் வீட்டுப் பரணிலாவது பழைய பேஸ் கிட்டார் சத்தம் வராமல் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எனக்கு மோட்டார் வேலை அவ்வளவாக இருக்காது. 46 கேஜ் கம்பி ஒரு ரீல் வாங்கி வைத்திருக்கிறேன்.