நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு

பக்கவாதம் வந்த வீட்டுக்குப் பார்க்கப் போனால் செருப்பைக் கழற்றுவதற்குள் காதில் விழுகிற பேச்சு இதுதான். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு, திடீர்னு கை கால் விழுந்திருச்சு." இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மாமா வீட்டிலும் அத்தை இதையே சொல்லிச் சொல்லி அழுதார். வந்தவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். என்னால் முடியவில்லை. மாமா பிரஷர் மாத்திரை வாங்குவது என் கடையில்தான். அவர் அதை நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது.

கம்பம் பக்கம் சின்னதாக ஒரு மெடிக்கல் வைத்திருக்கிறேன். பதினெட்டு வருடம் ஆகிறது. டாக்டர் இல்லை நான், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன். ஆனால் யார் மாத்திரையை விட்டார்கள் என்பது டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முதல் மாதம் முழு அட்டை வாங்குவார்கள். அப்புறம் "அஞ்சு மட்டும் வெட்டிக் குடுங்க" என்பார்கள். அப்புறம் வரமாட்டார்கள். மூன்று மாதம் கழித்துத் தலைவலித் தைலம் வாங்க வரும்போது கேட்டால், "இப்ப நார்மல் ஆயிருச்சுண்ணே, விட்டுட்டேன்" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மாமாவும் அப்படித்தான் விட்டார். ஊரில் நடந்த ஒரு முகாமில் பார்த்தபோது 130/80 இருந்ததாம். மாத்திரை போட்டதால்தான் 130 என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. குடை பிடித்திருப்பதால் நனையவில்லை, அதனால் குடையை மடக்கிவிடலாம் என்கிற கணக்கு. இன்னொரு பயமும் அவருக்கு இருந்தது: "இங்கிலீஷ் மருந்து தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிரும்." பாதிப் பேர் இதைச் சொல்லித்தான் நிறுத்துகிறார்கள். உண்மையில் கட்டுப்படாத பிரஷரும் சுகரும்தான் கிட்னியைக் கெடுக்கின்றன.

எங்கள் ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. வயதோடு நூறைக் கூட்டினால் வருவதுதான் அவரவர் நார்மல் பிரஷராம். அறுபது வயதுக்காரருக்கு 160 இருந்தால் சரியாம்! இதை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, என் அப்பா காலத்தில் இருந்தே கேட்கிறேன். 140/90 க்கு மேலே தொடர்ந்து இருந்தால் அது எந்த வயதிலும் அதிகம்தான். தலை சுற்றவில்லை, வலிக்கவில்லை, அதனால் பிரஷர் இல்லை என்பதும் தப்பு. பெரும்பாலும் அது எதுவுமே காட்டாது. வருடக்கணக்கில் ரத்தக் குழாயின் உள்சுவரை அரித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் குழாய் அடைக்கும், அல்லது உடையும். பெரும்பாலானவர்களுக்கு வருவது அடைப்பு வகை. மற்றது மூளைக்குள் ரத்தம் கசிகிற வகை. இந்த வித்தியாசம் முக்கியம், பிறகு சொல்கிறேன்.

"திடீர்னு" என்கிற சொல் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று தலையின் பின்பக்கம் பயங்கர வலி என்று சொல்லிவிட்டு மயங்கி விழுந்து செத்துப்போனார். மூளையில் ரத்தக் கசிவு. அவருடைய மருத்துவர் மெக்கின்டயர் பத்திரிகைக்காரர்களிடம், எதிர்பாராமல் வந்துவிட்டது என்கிற மாதிரிதான் பேசினார். ஆனால் ஒரு வருடத்துக்கு முன்பே இதய மருத்துவர் புரூயென் பார்த்தபோது ரூஸ்வெல்ட்டின் பிரஷர் 186/108. கடைசி நாளில் 300 ஐத் தொட்டது. பாவம், அன்றைக்கு பிரஷரை ஒழுங்காகக் குறைக்கிற மாத்திரையே கிடையாது. உலகத்தின் பெரிய பதவியில் இருந்தவருக்கே கிடைக்காததை இன்று இரண்டு மூன்று ரூபாய்க்கு நான் விற்கிறேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கே வந்து சும்மா கொடுக்கிறார்கள். என் வியாபாரத்துக்கு நஷ்டம்தான், இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றே சொல்கிறேன்.

32 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, ஏறக்குறைய 27,000 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2016 இல் முடிவு வந்தது. நடத்தியவர்களில் ஒருவர் கேரளாவில் பிறந்த சலீம் யூசுப். பக்கவாதத்தில் பத்துக்கு ஒன்பது பங்கு, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களோடு சேர்ந்து வருகிறது என்று அதில் கண்டார்கள். பீடி, சிகரெட், குடி, சுகர், கொழுப்பு, தொப்பை, உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருப்பது, சாப்பாடு, மனஉளைச்சல், இதயக் கோளாறு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் பிரஷர்தான் எல்லாவற்றுக்கும் தலைமை. அதனால்தான் நானும் அதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் இலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குழம்பில் உப்பு, ரசத்தில் உப்பு, பொரியலில் உப்பு, மோரில் உப்பு. அதற்கு மேல் அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய். கருவாடு வைத்தால் அன்றைக்குக் கணக்கே வேண்டாம். இப்போது புதிதாக, "பிரஷருக்கு நல்லது, இந்துப்பு இருக்கா?" என்று கேட்டு வருகிறார்கள். ஐயா, அதுவும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான். நிறம்தான் ரோஸ், விலைதான் ஜாஸ்தி.

இன்னொன்றை என் மேலேயே பழி போட்டுக்கொண்டு சொல்ல வேண்டும். தோட்ட வேலை முடிந்து வந்து "இடுப்பு வலிக்குது, ரெண்டு மாத்திரை குடு" என்று கேட்பவர்களுக்குப் பல வருடம் யோசிக்காமல் கொடுத்திருக்கிறேன். டைக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரைகளைத் தொடர்ந்து போட்டால் பிரஷர் ஏறும். பல பிரஷர் மருந்துகளின் வேலையையும் அது கெடுக்கும். மூக்கடைப்புக்குக் கொடுக்கிற சில சளி மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். மாமா அந்த நாலு மாதமும் என்னிடம் மூட்டு வலிக்கு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். பிரஷர் மாத்திரை எங்கே மாமா என்று ஒருதடவைகூட நான் கேட்கவில்லை. சொந்தக்காரரிடம் கேட்டால் வியாபாரத்துக்குக் கேட்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விடிகாலை நாலரைக்குத் திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பினார். வாசலில் டார்ச் கையில் நிற்காமல் விழுந்திருக்கிறது. வாய்வுப் பிடிப்பு என்று திரும்பப் படுத்துக்கொண்டார். அத்தை தைலம் தேய்த்தார். எட்டு மணிக்கு வாய் கோணி, பேச்சு குழறிய பிறகுதான் பயந்தார்கள். பக்கத்து வீட்டுப் பையன் வாட்ஸப்பில் வந்ததைப் பார்த்து விரல் நுனிகளில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்தான். ஒருவர் புறா ரத்தம் தடவச் சொன்னார். நல்லவேளை, புறா கிடைக்கவில்லை. காரில் ஏற்றிக் கொண்டுபோன மருத்துவமனையில் சிடி ஸ்கேன் கிடையாது. ஒரு பாட்டில் ஏற்றி, ஒன்றரை மணி நேரம் படுக்க வைத்துவிட்டு, பெரிய இடத்துக்குப் போங்கள் என்றார்கள். ஸ்கேன் எடுக்கும்போது பதினொன்றரை.

அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதுவும் நாம் பார்த்த நேரத்தில் இருந்து இல்லை, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தில் இருந்து. மாமாவுக்கு ஒன்பது மணியோடு அது முடிந்துவிட்டது. பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் சிலருக்கு அதற்குப் பிறகும் உள்ளே மெல்லிய டியூப் விட்டு அடைப்பை எடுக்கிறார்கள், மாமாவுக்கு அதற்கும் வழியில்லை என்றார்கள். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் 108 ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கே போகச் சொல்லுங்கள். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் போயே ஆகவேண்டும், பெரியது பின்னால் வரலாம். வாயில் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், புரை ஏறிவிடும். என் கடைக்கு ஓடி வந்து ஆஸ்பிரினும் கேட்காதீர்கள். அடைப்பா கசிவா என்று ஸ்கேனுக்குத்தான் தெரியும். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை இன்னும் கெடுத்துவிடும்.

மாமா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். வலது கை வரவில்லை. பேச்சும் முழுதாக வரவில்லை, சொல்ல நினைப்பது தொண்டையோடு நின்றுவிடுகிறது. சாயங்காலம் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிட்டு அத்தை காய்கறி வாங்கப் போவார். போன வாரம் ஒருவர் வந்து, "அஞ்சு மட்டும் வெட்டிக் குடுங்க" என்றார். மாமா இடது கையால் கம்பைத் தரையில் தட்டினார். "பூ... பூரா" என்றார். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். வந்தவர் மாமாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த வாரம் சம்பளம் வந்ததும் பூரா வாங்கிக்கிறேன் மாமா, இப்ப அஞ்சு போதும்" என்றார்.

முழு அட்டையையும் அவர் கையில் கொடுத்து, மீதியை நோட்டில் எழுதிக்கொண்டேன்.