கச்சத்தீவுக்கு ஓட்டெடுப்பே நடக்கவில்லை

பாலக்கோடு தக்காளி மண்டியில் கிரேடு எண்ணிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் போனை நீட்டினார். ‘1974-ல் கச்சத்தீவை இலங்கைக்குக் கொடுக்க நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடந்தது, இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவி போய்விடும் என்று பயந்து தமிழக எம்.பி.க்கள் ஆதரித்தார்கள்’ என்று வாட்ஸ்அப் செய்தி.

இது பொய். இலங்கையோடு போட்ட அந்த ஒப்பந்தம் ஓட்டுக்கே வரவில்லை. வெளிநாட்டோடு ஒப்பந்தம் போட மத்திய அரசுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் ஜூலை 23 அன்று மக்களவையில் அறிக்கை வாசித்தார், அவ்வளவுதான். திமுகவின் இரா. செழியன், ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையா தேவர் எல்லாம் எதிர்த்துத்தான் பேசினார்கள். எதிர்த்தவர்களை ஆதரித்தவர்கள் என்று சொல்வது பெரிய அநியாயம்.

சரி, கொறடா பயம்? பதவியைப் பறிக்கும் கட்சித்தாவல் தடைச் சட்டமே 1985-ல்தான் வந்தது. அது வந்த பிறகும், 2008-ல் அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டால் எழுந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் சிலர் கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டார்கள்.