சம்பளமும் இல்லை, பிரசங்கமும் இல்லை

“மார்மன் சபை ஓய்வுபெற்ற தம்பதியரைச் சம்பளம் கொடுத்து வெளிநாட்டு ஆலயங்களுக்கு அனுப்பி மதம் மாற்றுகிறது” என்று நண்பர் ஒருவர் எழுதியதில் இரண்டு பிழைகள் உள்ளன. அமெரிக்காவில் தோன்றிய இந்தக் கிறிஸ்தவச் சபையில், ஓய்வுக்குப் பின் சபைப் பணிக்குச் செல்லும் மூத்த ஊழியத் தம்பதியருக்குச் சம்பளம் கிடையாது. வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். மேலும், 1955-இல் அர்ப்பணிக்கப்பட்ட சுவிட்சர்லாந்தின் பெர்ன் ஆலயம் போன்ற, வாராந்தர வழிபாட்டுக்கன்றிச் சிறப்புச் சடங்குகளுக்கான இடங்களில், சபைத் தலைவர்களின் நேர்காணலுக்குப் பின் அனுமதிச் சீட்டு பெற்ற உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே வர முடியும் என்பதால், அங்கே மதம் மாற்றுவதற்கு ஆளே இல்லை. வாசல் மேசையில் அந்தச் சீட்டைச் சரிபார்ப்பதும், வெள்ளுடை உடுத்திச் சடங்குகளுக்குத் துணைநிற்பதும், வழி தெரியாமல் தயங்குபவரை அழைத்துச் செல்வதும் போன்றவையே அவர்களுடைய பணி. வீடுவீடாகச் செல்பவர்கள் பெரும்பாலும் இளம் ஊழியர்கள். இந்த இரு வகை ஊழியர்களையும் குழப்பிக்கொள்வது சகஜம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆலயமே மூடியிருக்கும். அன்று இத்தம்பதியர் உள்ளூர்ச் சபைக்கூடத்துக்கே வழிபடச் செல்கிறார்கள்.