‘நீ’ என்னும் ஓரெழுத்தும் உறவுக் கணக்கும்

சீனத்திலும் ‘நீ’ என்றால் நீதான், ஆகவே சீனம் தமிழிலிருந்து பிறந்தது என்று சொல்லும் காணொளி ஒன்று புதுச்சேரியில் எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மீண்டும் வலம் வருகிறது. அனுப்புகிறவர்களின் தமிழ்ப்பற்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தச் சான்றால் தமிழுக்குப் பெருமை சேரும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நன்னூல் கணக்கிடும் 42 ஓரெழுத்து ஒருமொழிகளுள் ‘நீ’யும் ஒன்று. முன்னிலைப் பெயராக வரும் அந்த ஓரெழுத்தே துறத்தல் என்னும் பொருளில் வினையடியாகவும் நிற்கிறது. திருக்குறளில் ‘நீத்தார் பெருமை’ என்னும் அதிகாரத் தலைப்பு அந்த வினையிலிருந்து வந்தது.

இதே ஒலி, சற்றுக் குறுகியோ நீண்டோ, உலகெங்கும் கிடைக்கிறது. வட அமெரிக்காவின் நவஹோ மொழியில் அதற்கு நீ என்றே பொருள். பாஸ்க் மொழியிலும் நைஜீரியாவில் பேசப்படும் ஹௌசாவிலும் ‘நி’ என்றால் ‘நான்’. ஜப்பானியத்தில் அது இரண்டு என்னும் எண். நம் ஊரின் சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களின் குடும்பங்களில், இன்றும் காதில் விழும் பிரெஞ்சில், ‘நி தே, நி கஃபே’ என்றால் தேநீரும் இல்லை, காப்பியும் இல்லை. காணொளியின் வாதப்படி நவஹோவைத் தமிழின் பிள்ளை என்று கொண்டாடினால், ‘நான்’ என்று பொருள் தரும் பாஸ்க்கையும் ஹௌசாவையும் என்ன செய்வது?

தமிழின் 18 மெய்யும் 12 உயிரும் கூடி 216 உயிர்மெய்கள் பிறக்கின்றன. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள் பேசப்படுகின்றன. ஒரு மெய்யும் ஓர் உயிரும் மட்டுமே கொண்ட சொற்கள் அவற்றுக்கிடையே ஒன்றோடொன்று மோதாமல் இருந்தால்தான் வியப்பு. அதிலும் ‘ந்’, ‘ம்’ இரண்டும் பல மொழிகளில் ‘நான்’, ‘நீ’ போன்ற தன்மை, முன்னிலைப் பெயர்களில் அடிக்கடி வரும் எளிய ஒலிகள். சீனத்து ‘நீ’யோ தாழ்ந்த தொனியில் ஒலித்தால்தான் முன்னிலை, தொனியை உயர்த்தினால் சேறு என்று பொருள் மாறிவிடும். அச்சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் தன்மைப் பெயரைப் பாருங்கள். நமக்கு ‘நான்’, அவர்களுக்கு ‘வோ’.

உண்மையான உறவு ஒற்றைச் சொல்லில் நிற்பதில்லை. அது முறையாகத் திரும்பத் திரும்ப வரும். தமிழின் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘பத்து’ என்பது ‘ஹத்து’, ‘புலி’ என்பது ‘ஹுலி’. வடிவம் மாறியிருந்தாலும் மாற்றத்திற்கு ஒரு விதி இருக்கிறது. பிரெஞ்சில் ‘நி’ என்றே ஒலிக்கும் இன்னொரு சொல்லுக்குப் பறவைக் கூடு என்று பொருள். அதுவும், ஆங்கிலத்தின் ‘நெஸ்ட்’டும், வடமொழியின் ‘நீட’மும் கீழே அமர்தல் என்னும் ஒரே பழைய அடியிலிருந்து கிளைத்தவை. ‘நெஸ்ட்’டையும் ‘நீட’த்தையும் காதால் மட்டும் கேட்டு யார் உடன்பிறப்பு என்பார்கள்?

நம் ‘நீ’க்கும் இத்தகைய குடும்பம் உண்டு. பழந்தமிழில் வேற்றுமை உருபு ஏற்கும்போது அது ‘நின்னை’, ‘நினக்கு’ என்றாகி, உள்ளே மறைந்திருந்த னகரத்தை வெளியே காட்டுகிறது. அதே னகரத்தைக் கன்னடத்தின் ‘நீனு’விலும், ஜார்க்கண்ட் பகுதியில் பேசப்படும் குடுக் மொழியின் ‘நீன்’ என்பதிலும் வெளிப்படையாகவே கேட்கலாம். பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில், ஈரானிய மொழிகளுக்கு நடுவே வாழும் பிராகுயியிலும் முன்னிலைப் பெயர் ‘நீ’தான். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் எடுத்துக்காட்டியதும், 1856இல் கால்டுவெல் ஒப்பிலக்கணமாக விரித்ததும் இத்தகைய வரிசைகளைக் கொண்டுதான்.

அந்தக் காணொளியைப் பகிர்ந்த நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான்: பிராகுயியையும் குடுக்கையும் பற்றியும் ஒரு காணொளி செய்யுங்கள். எங்கள் தெருக் குழுவில் அதை முதலில் பகிர்பவன் நானாக இருப்பேன்.