மாலை போட்ட மாதமும் குதிரையின் முதுகும்

தை பிறந்தால் எங்கள் கீழ்ப்பழனி மலைக் கிராமத்தில் பாதி வீடுகளில் கறி வாசனை இருக்காது. பழனிக்கு மாலை போட்டிருப்பார்கள். அப்பாவும் போடுவார். அப்போது எங்களிடம் இரண்டு மட்டக்குதிரைகள் இருந்தன. காபி மூட்டையையும் எலுமிச்சை மூட்டையையும் ரோடு வரை இறக்குவது அவற்றின் வேலை. ஒரு தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், குதிரை முதுகில் கிடந்த சாக்கை அப்பத்தா தூக்கிக் காட்டினார். தோல் உரிந்து, சாக்கு நார் சீழோடு ஒட்டியிருந்தது.

"கறியை விட்டுட்ட, சரி. இதை எப்பப்பா விடப்போற?"

அப்பா ஒன்றும் பேசவில்லை. வேப்பெண்ணெய் எடுக்க உள்ளே போனார்.

புலால் மறுப்பு என்றால் இன்று சாப்பாட்டுத் தட்டோடு பேச்சு நின்றுவிடுகிறது. கொடைக்கானலில் வாடகைக்கு வீடு தேடியபோது "சைவம்னா மட்டும்தான்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆளை வாசலில் நிறுத்தவா புலால் மறுப்புச் சங்கங்கள் பிறந்தன?

1809இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டில் வில்லியம் கௌஹெர்ட் என்ற பாதிரியார், புலால் உண்ணாத ஒரு கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். ஏழைகளுக்குக் காய்கறி சூப்பும் கொடுத்தார். 1847இல் இங்கிலாந்தில் சைவ உணவுச் சங்கம் உருவானபோது அந்தச் சபைக்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். நம் ஊரில் வள்ளலார் 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். இரண்டே வருடத்தில் வடலூரில் தருமச்சாலை அடுப்பை மூட்டினார். புலால் உண்பவரைப் புறவினத்தார், அதாவது தம் வழிக்கு வெளியே நிற்பவர்கள், என்று சொன்னவர்தான், அவர்களுக்கும் பசியாற்றச் சொன்னார். எனக்கு அவர் பெரியவராகத் தெரிவது அந்த இடத்தில்தான்.

லண்டனில் 1824இல் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கிய ஆர்தர் புரூமும் பாதிரியார்தான். சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கே போனார். நம் பக்கம், பிரம்மஞான சபையில் வளர்ந்த ருக்மிணி தேவி மாநிலங்களவையில் விடாமல் போராடியதால்தான் 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1965இல் வந்த விதி, மட்டக்குதிரை மேல் 70 கிலோவுக்கு மேல் பொதி ஏற்றக்கூடாது என்கிறது. ரோடு போகாத மலை ஊர்களுக்கு இன்றும் குதிரைதான் சுமக்கிறது. அங்கே எத்தனை பேருக்கு இந்த விதி தெரியும்?

மாலை போடும் மலைக்காரர்களே, விரதத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூட்டையை எடை போட்டு ஏற்றுங்கள். சேணத்தைக் கழற்றியதும் முதுகைத் தடவிப் பாருங்கள்.

அப்பாவுக்கு எந்த விதியும் தெரியாது. ஆனால் அந்தப் புண் ஆறும்வரை காபி மூட்டையை அவரே தலையில் சுமந்து ரோட்டுக்கு இறக்கினார்.